ஜீப்புக்கு கியர்பாக்ஸ் மவுண்ட்: இரும்புக்கு முன்னால் ரப்பரை முடிவு செய்யுங்கள்

போன வைகாசியில் என்னுடைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப்புக்கு ஐந்து கியர் பாக்ஸ் ஏற்றினேன். பழைய நாலு கியர் பாக்ஸில் இரண்டாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வர ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிற்கால வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய பாக்ஸ் நல்ல நிலையில் கிடைத்தது. இன்ஜினோடு இணைகிற பெல் ஹவுசிங் பக்கத்து வேலையெல்லாம் இரண்டு நாளில் முடிந்துவிட்டது. மாட்டிக்கொண்டது வால் பக்கத்தில்தான். கியர்பாக்ஸின் வாலைத் தாங்குகிற ரப்பர் மவுண்ட் உட்கார வேண்டிய இடம், சேஸிஸின் குறுக்கே போகும் இரும்புச் சட்டமான பழைய கிராஸ் மெம்பரிலிருந்து 11 செ.மீ. பின்னால் போய் நின்றது. ஒரு ஜாக்கி, அதன் மேல் ஒரு பூவரசங்கட்டை, அதன் மேல் கியர்பாக்ஸ் என்று வண்டி பத்து நாள் பட்டறையில் கிடந்தது.

அந்தப் பத்து நாளில் நாலு பேர் நாலு வழி சொன்னார்கள். பழைய கிராஸ் மெம்பரிலேயே ஒரு பட்டையை வெல்ட் வைத்துப் பின்னால் நீட்டிவிடலாம் என்றார் ஒருவர். சேஸிஸோடு சேர்த்துக் கனமான குழாய் ஒன்றை வெல்ட் பண்ணிவிட்டால் ஜென்மத்துக்கும் கவலையில்லை என்றார் இன்னொருவர். ரப்பரே வேண்டாம், நேராக போல்ட் போட்டு இறுக்கு என்று ஒரு யோசனை. போல்ட்டில் கழற்றி மாட்டுகிற தனி கிராஸ் மெம்பர் செய்து, ரப்பரைக் கடையில் வாங்கு என்பது நாலாவது. நான் எடுத்தது நாலாவதை. அது ஏன், மற்றவை யாருக்கு எப்போது சரிப்படும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். டெல்டாவில் பழைய ஜீப்பை வயலுக்கும் ஓட்டி, லீவு நாளில் சேற்றிலும் இறக்குகிறவர்கள் பலர் பாக்ஸ் மாற்றும்போது இதே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

மவுண்ட் எதைச் சுமக்கிறது

கியர்பாக்ஸ் மவுண்ட் எடையைத் தாங்கத்தான் இருக்கிறது என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விஷயம் வேறு என்று தெரியும். இன்ஜினின் டார்க், அதாவது திருகு விசை, 120 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில் அது 4 மடங்காகிறது. முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை லோவில் போட்டால் அதற்கு மேல் இரண்டரை மடங்கு. ஆக அங்கிருந்து அச்சுகளுக்குப் போகும் ஷாஃப்டுகளுக்குப் போய்ச் சேர்வது 1,200 நியூட்டன் மீட்டர். ஷாஃப்ட்டை எவ்வளவு திருகுகிறதோ அதே அளவுக்கு இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாம் சேர்ந்த அந்தப் பெரிய கட்டி எதிர்ப்பக்கம் உருளப் பார்க்கும். 30 செ.மீ. தள்ளி 400 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம் அது. முன்னால் அகலமாக உட்கார்ந்திருக்கும் இரண்டு இன்ஜின் மவுண்டுகளும் இதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி வாலுக்கு வரும்.

ரிவர்ஸ் போட்டால் திசை மாறிவிடும். முன்னால் போகும்போது அமுங்கிய பக்கம், ரிவர்ஸில் இழுபடும். ரப்பர் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இரும்புத் தகட்டோடு ஒட்டியிருக்கும் ரப்பரைப் பிய்த்து இழுத்தால் ஒட்டு விட்டுப்போகும். சேற்றில் மாட்டிய வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி எடுப்போமே, மவுண்டின் ஆயுளைக் குறைப்பதில் அதற்குத்தான் முதல் இடம்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு தென்னை சாய்ந்து கிடந்தது. சங்கிலி கட்டி, லோ கியரில் மரத்தை இழுப்பது, சங்கிலி தளர ரிவர்ஸ் வருவது, மறுபடி இழுப்பது என்று நாலு நாள் இதே வேலை. ஐந்தாம் நாள் கிளட்சை விட்டாலே காலுக்கடியில் டொக் என்றது. கீழே படுத்துப் பார்த்தேன். ரப்பர் மேல் தகட்டை விட்டுப் பிரிந்திருந்தது. பிரிந்த முகம் கத்தியால் அறுத்த மாதிரி வழவழவென்று இருந்தது. இடுக்கில் சுண்டுவிரல் நுழைந்தது.

எடை, உருளல் இரண்டோடு மூன்றாவதாகச் சேஸிஸின் முறுக்கலும் இருக்கிறது. வரப்பில் முன் இடது சக்கரம் ஏறி, பின் வலது சக்கரம் பள்ளத்தில் இருக்கும்போது ஏணி மாதிரியான அந்தச் சேஸிஸ் முறுக்கும். முறுக்கத்தான் வேண்டும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கியர்பாக்ஸின் வார்ப்பு உடம்பு அப்படி முறுக்காது. இரண்டுக்கும் நடுவில் விட்டுக்கொடுப்பதற்கு அந்த ஒரு கை ரப்பர்தான் இருக்கிறது.

நம் மண்ணின் கணக்கு

மலைப்பக்கம் ஓட்டுகிறவர்கள் பாறையில் அடி தட்டுவதைப் பற்றிப் பேசுவார்கள். அவர்களுக்குக் கிராஸ் மெம்பர் ஒரு கவசம், கனமாக இருந்தால் நல்லது. இங்கே பாறை கிடையாது. இருப்பது களிமண், வாய்க்கால் மதகின் சிமெண்டு விளிம்பு, கொள்ளிடத்து மணல், வேதாரண்யம் பக்கம் போனால் உப்பளத்து மண். தாழத் தொங்குகிற கிராஸ் மெம்பர் நம் களியில் ஏர் மாதிரி உழுதுகொண்டு போகும். அதனால் எனக்கு உயரம் முக்கியம், சேற்றைக் கிழிக்காத வழவழப்பான அடி முக்கியம். கனம் அதற்கு அப்புறம்தான்.

இன்னொன்று, நம் சேறு காயும் விதம். தொளியில், அதாவது உழுது கலக்கிய வயல் சேற்றில், இறங்கிவிட்டு வந்த வண்டியை அன்றைக்கே கழுவாவிட்டால் மூன்றாம் நாள் மவுண்டைச் சுற்றிச் செங்கல் மாதிரி இறுகிவிடும். வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அந்த ஈரத்தோடு கியர்பாக்ஸ் சீலிலிருந்து கசியும் எண்ணெயும் சேர்ந்துகொள்ளும். இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, ஊறி உப்பிப் பிசுபிசுத்துவிடும். ரப்பரைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கடைசியாக, நேரம். மேட்டூர் ஜூன் 12 வாக்கில் திறந்து, கல்லணை தாண்டி, வெண்ணாற்றில் வந்து, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து கோரையாற்றில் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வருவதற்குள் வண்டி ஓட வேண்டும். விதை நெல், உர மூட்டை, ஆள் என்று அந்த ஒரு மாதம் ஜீப் இல்லாமல் ஆகாது. நடுவில் மவுண்ட் போனால் அன்றைக்குச் சாயங்காலமே பக்கத்து ஊர்க் கடையில் ரப்பர் கிடைக்க வேண்டும். என் முடிவில் பாதி இங்கேயே தீர்ந்துவிட்டது.

ரப்பர்: ஐந்து பொருள்

பட்டறைக்குப் போனதும் எல்லோரும் இரும்பைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். சேனலா, குழாயா, எத்தனை எம்எம் என்று. ரப்பர் இன்னது என்று தீர்ந்த பிறகு அதன் உயரம், போல்ட் இடைவெளி, உட்காரும் கோணம் மூன்றும் கைக்கு வந்துவிடும். இரும்பு அதற்குத் தக்கபடி தானாக வடிவம் எடுக்கும். மாற்றிச் செய்தால் கடைசியில் எந்த ரப்பரும் பொருந்தாத ஓர் இடைவெளி மிஞ்சும், அதில் வாஷர் மேல் வாஷராக அடுக்க வேண்டி வரும்.

லாரி டயர்த் துண்டு. ஊரில் அவசரத்துக்கு இதைத்தான் வெட்டி வைப்பார்கள். இரண்டு துண்டு வெட்டி நடுவில் துளை போட்டு போல்ட் விட்டால் வண்டி வீடு வந்து சேரும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. டயருக்குள் இருக்கும் இழைகள் அதை விறைப்பாக்கிவிடுகின்றன. தவிர போல்ட் இரண்டு இரும்பையும் நேராக இணைத்துவிடுவதால் அதிர்வு போல்ட் வழியாகவே ஏறும்.

லேத்தில் கடைந்த நைலான் கட்டை. கஜாவுக்கு அப்புறம் எனக்கு ஒரு பட்டறையில் இதைத்தான் போட்டுக்கொடுத்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. கியர் போடுவது துல்லியமாக இருந்தது, லீவர் ஆடவே இல்லை. நானும் சந்தோஷப்பட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு மதகின் மேல் வண்டி குறுக்காக ஏறியபோது கியர்பாக்ஸின் அடியில் மவுண்ட் மாட்டுகிற காதில் முடி மாதிரி ஒரு விரிசல் விழுந்தது. எண்ணெய் கசியும்வரை அது கண்ணில் படவில்லை. சேஸிஸின் முறுக்கல் முழுவதையும் அந்தக் காது வாங்கியிருக்கிறது. ரப்பரே இல்லாமல் நேராக போல்ட் போடுவதும் இதே கதைதான், இன்னும் சீக்கிரம் நடக்கும். பந்தயத்துக்கென்றே கூண்டு கட்டி, சேஸிஸ் முறுக்காதபடி செய்த வண்டிக்கு வேண்டுமானால் கெட்டி மவுண்ட் சரி. வயலுக்குப் போகும் ஜீப்புக்கு இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பாலியூரித்தேன் புஷ். ஆஃப்ரோடு ஆட்கள் அதிகம் விரும்புவது இது. ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ கணக்கில் சாதாரண மவுண்ட் ரப்பர் 50, 60 என்று இருந்தால் இது 80, 90 என்று இருக்கும். எண்ணெய் பட்டால் கவலையில்லை. ஒட்டு என்று ஒன்றே இல்லாமல் குழாய்க்குள் இரண்டு பாதியாக நுழைந்து உட்கார்வதால் பிரிவதற்கும் எதுவுமில்லை. எனக்கு இதில் இரண்டு தயக்கம். நாலு சிலிண்டர் டீசல் 750 ஆர்பிஎம்மில் சும்மா நிற்கும்போது விநாடிக்கு 25 தடவை வெடிக்கிறது. அந்த நடுக்கத்தை ரப்பர் விழுங்குகிற மாதிரி பாலியூரித்தேன் விழுங்காது. கண்ணாடி, டாஷ்போர்டு, இருக்கை எல்லாம் சேர்ந்து ஆடும். இரண்டாவது, பாலியூரித்தேனில் பாலியெஸ்டர் வகை, பாலியீத்தர் வகை என்று இரண்டு உண்டு. பாலியெஸ்டர் வகை ஈரத்தோடு சூடும் சேர்ந்தால் நாளடைவில் பொடிந்துவிடும். நம் ஊர் ஈரத்துக்குப் பாலியீத்தர்தான் சரி, கேட்டு வாங்க வேண்டும். மன்னார்குடியிலோ திருத்துறைப்பூண்டியிலோ நான் கேட்ட கடைகளில் இரண்டுமே இல்லை. சென்னைக்கோ கோவைக்கோ சொல்லி வரவழைக்க வேண்டும்.

லீஃப் ஸ்பிரிங் புஷ். இது பலருக்குத் தோன்றாத நல்ல வழி. வெளியே ஒரு குழாய், உள்ளே ரப்பர் புஷ், அதனுள் ஸ்லீவ், நடுவில் ஒரு போல்ட். ஏதாவது ஒரு லோடு வண்டியின் புஷ் எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. ரப்பர் கிழிந்தாலும் போல்ட் குழாய்க்குள்ளேயே இருப்பதால் கியர்பாக்ஸ் எங்கேயும் போய்விடாது. குறை என்னவென்றால் அச்சு திரும்புகிற திசையில் இது நன்றாக விட்டுக்கொடுக்கும், மற்றத் திசைகளில் விறைப்பு. அச்சு வண்டியின் நீளவாக்கில் இருக்கும்படி வைத்தால் சேஸிஸ் முறுக்கலுக்கு இடம் கொடுக்கும். குறுக்குவாக்கில் வைத்தால் கொடுக்காது. நிறையப் பேர் வெல்ட் பண்ண வசதி என்று குறுக்குவாக்கில் வைத்துவிடுகிறார்கள்.

கம்பெனி மவுண்ட். இரண்டு தகட்டுக்கு நடுவில் வார்த்து ஒட்டிய ரப்பர். புது பாக்ஸ் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அந்த வண்டியின் மவுண்டையே வாங்கிவிட்டால் கியர்பாக்ஸ் பக்கத்துத் துளைகள் அப்படியே பொருந்தும். அந்த எடைக்கும் அந்த இன்ஜின் வகைக்கும் பார்த்துச் செய்த ரப்பர் அது. நான் வாங்கியது இதைத்தான். கடையில் எடுக்கும்போது இரண்டைக் கையில் வைத்துப் பாருங்கள். சிலதில் மேல் தகட்டின் விளிம்பு கீழ்த் தகட்டுக்குள் கொக்கி மாதிரி மடங்கி இருக்கும். ரப்பர் அறுந்தாலும் இரண்டு தகடும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அந்த மாதிரி கிடைத்தால் அதை எடுங்கள். வெறும் சாண்ட்விச்தான் கிடைத்தது என்றால், கிராஸ் மெம்பரிலிருந்து ஒரு சின்னப் பிடிப்புப் பட்டை கியர்பாக்ஸ் காதின் மேலே 8 மி.மீ. இடைவெளி விட்டு நிற்கும்படி செய்துகொள்ளலாம். சாதாரணமாக அது எதையும் தொடாது. ஒட்டு விட்ட நாளில் கியர்பாக்ஸ் மேலே எகிறாமல் நிறுத்திவிடும்.

இரும்பு: நீட்டுவதா, வெல்டா, போல்ட்டா

பழைய கிராஸ் மெம்பரில் பட்டை வைத்து நீட்டுவது செலவு குறைந்த வழி, அரை நாள் வேலை. இடைவெளி 2, 3 செ.மீ. என்றால் நானும் இதைத்தான் செய்திருப்பேன். 11 செ.மீ. நீட்டினால் பழைய கிராஸ் மெம்பர் சுமையை நேராக வாங்காமல் முறுக்கலாக வாங்கும். திறந்த சேனல் முறுக்கலுக்கு மிகவும் பலவீனம். எடை வாலில் தொங்கத் தொங்க வெல்ட் ஓரத்தில் விரிசல் விழும்.

பட்டை இரும்பைப் பற்றி ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும், இதில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. 75 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனம் உள்ள பட்டையைப் படுக்க வைத்தால் வளைவதை எதிர்க்கும் அதன் அளவு வெறும் 0.45 கன செ.மீ. 50க்கு 50, 3 மி.மீ. கனமுள்ள சதுரக் குழாய்க்கு அதுவே 7.8 வரும். எடையில் இரண்டும் ரொம்ப வித்தியாசமில்லை, பலத்தில் 17 மடங்கு. என் சேஸிஸின் உள் இடைவெளி சுமார் 70 செ.மீ. வாலில் 100 கிலோ எடை, பள்ளத்தில் விழும்போது அது 4 மடங்காகிறது என்று வைத்தால் குழாயின் நடுவில் ஏறும் அழுத்தம் 90 மெகாபாஸ்கல் பக்கம் வருகிறது. சாதாரண மைல்டு ஸ்டீல் வளையத் தொடங்குவது 250 அளவில். போதும். 5 மி.மீ. கனக் குழாய் போடு என்று சொல்கிறவர்கள் பயத்தில் சொல்கிறார்கள், அந்தக் கூடுதல் எடை நமக்கு வேண்டாம்.

சேஸிஸோடு வெல்ட் பண்ணுவதில் பலம் குறைவில்லை. நன்றாகச் செய்தால் சேஸிஸே கொஞ்சம் விறைப்பாகும். ஆனால் அடுத்த தடவை கிளட்ச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டுமே, அப்போது என்ன செய்வது? அது குறுக்கே நிற்கும். கட்டர் வைத்து அறுக்க வேண்டி வரும். சேற்றில் ஓட்டுகிற ஜீப்பில் கிளட்ச் வேலை அடிக்கடி வரும். அதற்கும் மேல், சேஸிஸின் மேல், கீழ் விளிம்பில் வெல்ட் வைத்த இடத்தில்தான் பிற்பாடு விரிசல் ஆரம்பிக்கிறது, சூடு பட்ட அந்த ஓரத்தில். எப்.சி.க்குப் போகும்போதும் சேஸிஸில் புது வெல்ட் இருந்தால் கேள்வி வரும். ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக, கம்பெனி கொடுத்த மூல அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவை வைத்துத் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. சேஸிஸை அறுக்காமல், வெல்ட் வைக்காமல், பழையபடி திருப்ப முடிகிற வேலையாக இருப்பது எல்லா விதத்திலும் நிம்மதி.

போல்ட்டில் மாட்டுகிற கிராஸ் மெம்பருக்கு வேலை அதிகம். இரண்டு முனையிலும் பிராக்கெட், சேஸிஸில் துளை, ஸ்லீவ் எல்லாம் வேண்டும். துளையைச் சேஸிஸின் நின்ற பக்கத்தில் மட்டும்தான் போட வேண்டும். மேல், கீழ் விளிம்பில் போட்டால் சேஸிஸின் பலமே குறைந்துவிடும். பெட்டி மாதிரி மூடிய சேஸிஸ் என்றால் துளைக்குள் ஒரு குழாய் ஸ்லீவ் வைக்காமல் போல்ட்டை இறுக்கக் கூடாது, சுவர் உள்ளே அமுங்கிவிடும், அப்புறம் போல்ட் தளர்ந்துகொண்டே இருக்கும்.

எங்கே செய்வது? திருச்சிக்குப் போய் துவாக்குடிப் பக்கம் லேசரில் தகடு வெட்டி, மெஷினில் வளைத்து வாங்கலாம். பாய்லர் ஆலையும், 1975-ல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிற ஊர், வெல்டிங் கையில் குறை சொல்ல முடியாது. ஒரே மாதிரி ஜீப் நாலைந்து பேர் சேர்ந்தால் அது நல்ல வழி. ஒரே ஒரு வண்டிக்கு, அதுவும் ஒவ்வொரு பழைய ஜீப்பும் ஒவ்வொரு விதமாகக் கோணியிருக்கிற நிலையில், 2 மி.மீ. அளவு தப்பினால் மறுபடி திருச்சி ஓட வேண்டும். நான் கதிரறுப்பு மெஷினுக்கும், டிராக்டர் சேற்றில் ஓட மாட்டுகிற இரும்புச் சக்கரமான கேஜ் வீலுக்கும் வேலை செய்கிற உள்ளூர் பட்டறையைத் தேர்ந்தெடுத்தேன். சேற்றில் எந்த வெல்ட் நிற்கும், எது விடும் என்று அவர்களுக்குக் கையிலேயே தெரியும். போவதாக இருந்தால் பங்குனி, சித்திரையில் போங்கள். தண்ணீர் திறக்கும் நேரம் நெருங்கினால் கேஜ் வீல் வேலை குவிந்து, நம் வண்டியைத் தொட ஆள் இருக்காது. நான் வைகாசியில் போய் அந்தச் சிரமத்தைப் பட்டேன்.

செய்த விதம்

பட்டறைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். குழாயை எடுப்பதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, பாக்ஸ் எந்த உயரத்துல நிக்கணும்னு முதல்ல சொல்லு. அதைச் சொல்லாம எங்கிட்ட மவுண்ட் கேக்காத" என்றார். அவர் கேட்டது நியாயம். மவுண்டின் உயரம்தான் ஷாஃப்ட்டின் கோணத்தை முடிவு செய்கிறது.

வண்டியை நாலு சக்கரத்திலும் தரையில் நிறுத்தி, போனில் இருக்கும் கோண அளவியை வைத்துப் பார்த்தோம். கியர்பாக்ஸ் வால் கீழ்நோக்கி நாலரை டிகிரி, ஷாஃப்ட்டின் மறுமுனை மாட்டுகிற பின் டிஃப்ரன்ஷியல் பினியன் மேல்நோக்கி 4 டிகிரி. இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் மடங்கிச் சுழலும் யூனிவர்சல் ஜாயின்டுகளில் ஒன்றின் தடுமாற்றத்தை இன்னொன்று சரிசெய்துவிடும். வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருக்க வேண்டும், எனக்கு அரை. வாலை 10 மி.மீ. ஏற்றி இறக்கினால் இன்ஜினின் கோணம் சுமார் அரை டிகிரி மாறுகிறது. 60 செ.மீ. நீளமுள்ள என் பின் ஷாஃப்ட்டின் சாய்வோ கிட்டத்தட்ட 1 டிகிரி மாறுகிறது. ஷாஃப்ட் குட்டையாகக் குட்டையாக இந்த மாற்றம் கடுமையாகும். பாக்ஸ் பின்னால் போனதால் பின் ஷாஃப்ட்டை 11 செ.மீ. குறைத்து, முன் ஷாஃப்ட்டை அதே அளவு நீட்டி, இரண்டையும் பேலன்ஸ் பண்ண வேண்டியிருந்தது. மவுண்ட் செலவைக் கணக்குப் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

உயரம் தீர்ந்ததும் அட்டையில் பிராக்கெட் வடிவத்தை வெட்டி வைத்துப் பார்த்தார். சுவாமிமலையில் சிலைக்குத் தென்னை ஓலையை மடித்து அளவு எடுப்பார்கள், ஓலையில் மடிப்பு சரியாக விழுந்தால்தான் மெழுகைத் தொடுவார்கள். அதே பொறுமையை இங்கே பார்த்தேன். எக்சாஸ்ட் குழாய்க்கு இடம் விட்டு இடது பக்கத்தில் ஒரு வளைவு, கியர் எண்ணெய் வடிக்கும் பிளக்குக்கு ஸ்பானர் நுழைய ஒரு வெட்டு. அட்டையை நாலு தடவை மாற்றிய பிறகுதான் 6 மி.மீ. தகட்டில் கோடு போட்டார்.

வெல்ட் வைத்தபோது கவனித்த இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றினார். எர்த் கிளாம்பை வெல்ட் வைக்கும் துண்டிலேயே மாட்டினார். கியர்பாக்ஸிலோ ஆக்சிலிலோ எர்த் பிடித்தால் கரன்ட் பேரிங் வழியாகப் போய், உருளைகளில் கண்ணுக்குத் தெரியாத புள்ளி விழுந்துவிடும், மூன்று மாதத்தில் பேரிங் ஊளையிடும் என்றார். வண்டியில் வைத்து நாலு இடத்தில் பொட்டு வெல்ட் மட்டும். மீதி முழுவதும் கீழே இறக்கி மேசையில், ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி. ஒரே மூச்சில் ஓட்டியிருந்தால் குழாய் வில் மாதிரி வளைந்து துளைகள் ஒத்துவராமல் போயிருக்கும்.

சேஸிஸுக்கு ஒரு பக்கத்துக்கு மூன்று 10 மி.மீ. போல்ட், 8.8 கிரேடு, அதிர்வில் தளராத நைலாக் நட். இறுக்கம் 48 நியூட்டன் மீட்டர். கடலோரத்து நண்பர்கள் துருவுக்குப் பயந்து ஸ்டெயின்லெஸ் போல்ட் கேட்பார்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 450 மெகாபாஸ்கலில் இழுபடத் தொடங்கும், 8.8 கிரேடு 640 வரை தாங்கும். துத்தநாகம் பூசிய 8.8 போட்டு, கிரீஸ் தடவி, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுவது மேல். குழாயின் இரண்டு முனையையும் முழுக்க அடைக்காமல் அடியில் 8 மி.மீ. துளை இரண்டு விட்டிருக்கிறோம், உள்ளே போகும் சேற்றுத் தண்ணீர் வடிய வேண்டும். உள்ளே எபாக்சி பிரைமரைச் சாய்த்து ஊற்றி உருட்டினோம். உப்பளத்துப் பக்கம் ஓட்டுகிறவர்கள் இந்த ஒரு வேலையை விட்டுவிடாதீர்கள்.

மவுண்ட் ரப்பர் போல்ட்டுகளைக் கடைசியில்தான் முழுசாக இறுக்கினோம். ஜாக்கியை எடுத்து, முழு எடையும் ரப்பரில் உட்கார்ந்து, இன்ஜினை ஐந்து நிமிஷம் ஓடவிட்ட பிறகு. அதற்கு முன்னால் இறுக்கினால் ரப்பர் ஒரு பக்கம் இழுத்த நிலையிலேயே நின்றுவிடும்.

இரும்பு, வெல்டிங் கூலி, போல்ட், பெயிண்ட், ரப்பர் எல்லாம் சேர்த்து எனக்கு நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. ஷாஃப்ட் வேலை தனி.

யாருக்கு எது

மவுண்ட் இடம் 3 செ.மீ.க்குள் நகர்ந்திருந்து, வண்டி பெரும்பாலும் தார் ரோட்டில் ஓடுகிறதென்றால் பழையதை நீட்டிக்கொள்ளுங்கள். பட்டையாக வைக்காமல் அடியில் விலா மாதிரி ஒரு தகட்டை நிறுத்தி வெல்ட் பண்ணுங்கள். போட்டிக்கு மட்டும் இறக்குகிற, நம்பர் பிளேட் தேவையில்லாத வண்டி என்றால் வெல்ட் பண்ணிய கிராஸ் மெம்பரும் பாலியூரித்தேனும் சரி, அதிர்வைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படப் போவதில்லை. தினம் ஓட்டி, வயலுக்கும் போய், எப்போதாவது முத்துப்பேட்டை, கோடியக்கரைப் பக்கம் போகிற ஜீப்புக்குப் போல்ட் கிராஸ் மெம்பரும் கம்பெனி ரப்பரும் தவிர வேறு யோசனை எனக்கில்லை. கம்பெனி ரப்பர் கிடைக்காத பாக்ஸ் என்றால் லீஃப் ஸ்பிரிங் புஷ், அச்சு நீளவாக்கில்.

மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அதில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் நடுவில் ஒரு குட்டி ஷாஃப்டோடு தனியாக மூன்று ரப்பரில் தொங்குகிறது. லோ கியரின் முறுக்கலை அந்த மூன்று ரப்பர்தான் முதலில் வாங்கும். கியர்பாக்ஸ் மவுண்டில் கை வைக்கும் முன் அவற்றைப் பாருங்கள்.

என் வண்டியில் 500 கி.மீ. ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்த்தேன், ஆறில் இரண்டு கால் சுற்று வாங்கின. குறுவை நடவு நேரத்தில் ஒரு நாள் களத்துமேட்டுப் பாதையில் அச்சுவரை இறங்கி, முன்னும் பின்னும் இருபது தடவை ஆட்டித்தான் வெளியே வந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் வாய்க்காலில் கழுவி, அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவில் நகம்கூட நுழையவில்லை. அதே ரப்பர் இன்னொன்று வாங்கி, பழைய துணியில் சுற்றி, பதினேழாம் நம்பர் ஸ்பானர் இரண்டோடு சீட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.